அந்த ஊசி டாக்டர் நம்பர் இருக்கா?

போன மாதம் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மூடியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் எழுந்து போனதும், "அக்கா, நீங்க ட்ரீட்மென்ட் டைம்ல அக்குபஞ்சர் பண்ணிக்கிட்டீங்களாமே, அந்த ஊசி டாக்டர் நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். கல்யாணமாகி ஐந்து வருடம். ஒரு ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) நிற்கவில்லை. அடுத்தது தொடங்கப் போகிறார்கள்.

இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் இதுவரை ஒரு டஜன் பேராவது இருப்பார்கள். என் மகளுக்கு ஆறு வயது. அவள் பிறந்த கதையை எங்கள் சொந்தக்காரர்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள்: "அக்குபஞ்சர் பண்ணா, நின்னுடுச்சு." குழந்தைக்காகக் காத்திருக்கிற ஒருத்தியின் காதில் அந்த வரி எப்படி விழும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்த வரியில் விட்டுப்போனதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் பார்த்த அக்குபஞ்சர்காரர் ஊசியே போடவில்லை. அது 2016. எங்கள் ஊர்ப்பக்கம் 'ஹீலர்' என்று சொல்வார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். நாடி பிடித்துப் பார்ப்பார், காலிலோ கையிலோ ஒரு புள்ளியை விரல் நுனியால் சில நொடி தொடுவார், அவ்வளவுதான் சிகிச்சை. பசித்தால் மட்டும் சாப்பிடு, தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர் குடி, இரவு சீக்கிரம் படு என்றார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்புறம், "என்னென்ன மாத்திரை எடுக்கறீங்க?" என்று கேட்டார். தைராய்டு மாத்திரை என்றேன். "எல்லாத்தையும் நிறுத்துங்க. உடம்புக்குள்ள ரசாயனம் போற வரைக்கும் கரு எப்படித் தங்கும்?"

நிறுத்தினேன். படித்தவள்தான், நிறுத்தினேன். நான்கு வருடமாக எல்லாரும் உன் உடம்பில் குறை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் உன் உடம்பு நல்ல உடம்பு, மருந்துதான் கெடுக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லுக்காகவே அவரை நம்பத் தோன்றும். முடி கொட்டியது, முகம் வீங்கியது, நடுப்பகலில் தூக்கம் தள்ளியது. கேட்டால் "கழிவு வெளியேறுது" என்றார். இரண்டரை மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தபோது, தைராய்டு குறையக் குறைய ஏறுகிற டிஎஸ்எச் அளவு 14-ஐத் தாண்டியிருந்தது. கருத்தரிக்க நினைக்கிறவளுக்கு அது 2.5-க்குள் இருக்கட்டும் என்று எங்கள் மகப்பேறு மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதை மறுபடி இறக்க மாதக்கணக்கில் ஆனது. முப்பத்திரண்டு வயதில், முட்டையின் கையிருப்பு குறைவு என்று ஏஎம்எச் டெஸ்ட் சொன்ன பிறகு, அந்த மாதங்கள் சாதாரண மாதங்கள் இல்லை.

அதனால், ஐவிஎஃப்போடு கூட அக்குபஞ்சர் என்று யாராவது பேசினால் நான் முதலில் பிடித்துக்கொள்வது அந்தக் 'கூட' என்ற சொல்லைத்தான். நம் ஊரில் அது சத்தமில்லாமல் 'பதிலாக' என்று மாறிவிடுகிறது.

முதல் ஐவிஎஃப் 2017இல், சென்னையில். பத்து நாள் வயிற்றில் ஹார்மோன் ஊசி, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஃபாலிக்கிள் (முட்டை வளரும் பை) ஸ்கேன், முட்டை முதிர்வதற்கான கடைசி ஊசி போட்ட 35 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டை எடுத்தார்கள். ஆறு முட்டை. என் கணவரின் விந்தணுக்களுக்கு வேகம் குறைவு என்பதால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு அணுவை நேராகச் செலுத்துகிற இக்ஸி முறை. இரண்டு கரு உருவானது, இரண்டையும் வைத்தார்கள், இரண்டும் தங்கவில்லை. (விந்தணு பற்றிய அந்த ரிப்போர்ட் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் திருக்கருகாவூர் நெய்யை இரண்டு பேரும் 48 நாள் சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர, அவரை யாரும் எங்கும் போகச் சொன்னதில்லை. அரசமரம், ஹீலர், மூலிகை லேகியம் எல்லாம் எனக்குத்தான்.)

இரண்டாவது முறைக்கு முன்னால் ஒரு தோழி சொல்லி நான் போனவர்தான் இந்த 'ஊசி டாக்டர்'. அறுபதைத் தாண்டிய அம்மா. எம்பிபிஎஸ் படித்துவிட்டு அக்குபஞ்சர் கற்றவர். 1938இல் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கச் சீனாவுக்குப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் கோட்னிஸ் பெயர்தான் நமக்குத் தெரியும். அதே குழுவில் போன பி.கே.பாசுதான் பிற்பாடு அக்குபஞ்சரைக் கற்றுவந்து கல்கத்தாவில் தொடங்கியவர் என்று ஒருநாள் ஊசி செருகிக்கொண்டே சொன்னார். மத்திய சுகாதார அமைச்சகம் 2003இல் அதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டதற்கான உத்தரவின் நகலைச் சுவரில் மாட்டியிருந்தார்.

முதல் நாள் அவர் கேட்டதும் அதே கேள்விதான்: "என்ன மாத்திரை எடுக்கறே?" எனக்கு உள்ளே திக்கென்றது. பட்டியலைச் சொன்னேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, "தைராய்டு மாத்திரை காலையில வெறும் வயித்துல தானே? காபிக்கு எவ்வளவு நேரம் முன்னாடி?" என்றார். அப்போதுதான் மூச்சே விட்டேன்.

ஊசிகள் முடி அளவுக்கு மெல்லியவை. ஒவ்வொரு முறையும் என் முன்னாலேயே புதுக் கவரைப் பிரிப்பார். உச்சந்தலையில் ஒன்று, மணிக்கட்டின் உட்பக்கம், அடிவயிற்றில் இரண்டு, முழங்காலுக்குக் கீழே, உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே. குத்தும்போது எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. ஆனால் லேசாகத் திருகும்போது அந்த இடத்தில் ஒரு கனம் இறங்கும், மந்தமான ஒரு வலி பரவும். சீனத்தில் அதற்கு 'தேச்சி' என்று பெயர். அது வந்தால்தான் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வார்களாம். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். இருபத்தைந்து நிமிடம்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ட்ரீட்மென்டில் இருக்கிற பெண்ணுக்கு அவள் உடம்பு எண்களாகத்தான் கண்ணில் படும். ஃபாலிக்கிள் 17 மில்லிமீட்டர், கருப்பை உட்சுவர் 8.2. ஸ்கேன் அறையில் மருத்துவர் எண்ணைச் சொல்வார், நர்ஸ் எழுதுவார், நான் அவர்கள் முகத்தைப் படிப்பேன். வீட்டுக்கு வந்தால் அத்தை கேட்பார், அம்மா போனில் கேட்பார். இரவு பத்து மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து ஊசிப் பேனாவை எடுக்கும்போது என் கணவர் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்பார். அவருக்கும் என்ன பேசுவது என்று தெரியாது. இருட்டறையில், போன் வெளியே பையில் கிடக்க, கைகாலை அசைக்க முடியாமல் படுத்திருந்தபோதுதான் எத்தனை மாதமாக நான் தோளைத் தூக்கி இறுக்கி வைத்திருந்தேன் என்பது தெரிந்தது. மூன்றாவது நாள் அழுதேன். நான்காவது நாளிலிருந்து தூங்கினேன். முட்டை எடுத்த அன்று ராத்திரி வயிறு பிசைந்து வலித்தது. மறுநாள் ஊசி போட்டுக்கொண்ட பிறகு வலி இறங்கியது போல இருந்தது. அது ஊசியால்தானா, ஒரு நாள் கழிந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த 2018 பிப்ரவரியில் எட்டு முட்டை, மூன்று நல்ல கரு. ஐந்தாம் நாள் ஒன்றை வைத்தார்கள், இரண்டை உறையவைத்தார்கள். கரு வைக்கும் நாளில் ஊசி டாக்டரை ஆஸ்பத்திரிக்குள் விட மாட்டார்கள். எனவே காலை எட்டு மணிக்கு அவர் கிளினிக், பதினொன்றரைக்கு டிரான்ஸ்ஃபர், ஒரு மணிக்கு மறுபடி அவரிடம். ஸ்கேனில் கருப்பை நன்றாகத் தெரிய சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார்கள், முட்டிக்கொண்டு வரும். திரும்பி வரும்போது ஆட்டோ ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்க, கரு நழுவிவிடுமோ என்று அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டே வந்தேன். ஊசி டாக்டர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிவைத்துக் காட்டினார். "கருப்பை பானை மாதிரி வாயைத் திறந்துகிட்டு இல்லம்மா. இப்படி ஒட்டிக்கிட்டு இருக்கும். நடுவுல கடுகைவிடச் சின்னதா ஒண்ணை வச்சா எங்கே விழும்?" கரு வைத்த பிறகு கணுக்காலுக்கு மேலே உள்ள புள்ளியையும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ளதையும் அவர் தொடவில்லை. கர்ப்பிணிகளுக்கு அவற்றைத் தவிர்ப்பது பழைய வழக்கமாம்.

பதினான்காம் நாள் பீட்டா டெஸ்ட், கரு தங்கியதா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை. நெகட்டிவ்.

எல்லா ஊசியும் போட்டுக்கொண்டும் நிற்கவில்லை. 'பண்ணா, நின்னுடுச்சு' என்ற வரியில் இது இருக்காது.

அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். இந்த முழு நம்பிக்கைக்கும் ஒரு தொடக்கம் இருக்கிறது. 1996இல் ஸ்வீடனில் எலிசபெத் ஸ்டெனர்-விக்டோரின் குழு பத்துப் பெண்களுக்கு மின்சாரம் இணைத்த ஊசிகளைப் போட்டு, கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாயில் தடை குறைந்ததை அளந்தது. 'கருப்பைக்கு ரத்த ஓட்டம் கூடும்' என்று இன்று எல்லாரும் சொல்வதன் வேர்களில் ஒன்று இந்தப் பத்துப் பேர். 2002இல் ஜெர்மனியில் பவுலஸ் என்பவரின் குழு 160 பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் கரு வைப்பதற்கு முன்னும் பின்னும் 25 நிமிடம் ஊசி போட்டது. ஊசிக் குழுவில் 42.5 சதவீதம் பேருக்குக் கரு தங்கியது, மற்றதில் 26.3. உலகம் முழுக்க ஐவிஎஃப் மையங்களின் பக்கத்தில் அக்குபஞ்சர் போர்டு முளைத்தது இதற்குப் பிறகுதான். நான் படுத்திருந்த 25 நிமிடமும் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்த ஆய்வில் தனக்கு ஊசி கிடைத்ததா இல்லையா என்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். எனவே பின்னால் வந்தவர்கள் போலி ஊசியைப் பயன்படுத்தினார்கள். நாடகத்தில் குத்துகிற கத்தி மாதிரி. தோலில் பட்டதும் மொட்டை முனை கைப்பிடிக்குள் போய்விடும், படுத்திருப்பவளுக்கு வித்தியாசம் தெரியாது. ஹாங்காங்கில் 370 பெண்களிடம் இப்படிச் செய்து 2009இல் வெளியிட்டபோது, உண்மை ஊசிக்காரர்களில் 43.8 சதவீதம் பேரும் போலி ஊசிக்காரர்களில் 55.1 சதவீதம் பேரும் கருத்தரித்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நான் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பீட்டா நெகட்டிவ் ஆகி மூன்று மாதத்தில், 2018 மே மாதம், இன்னும் பெரிய ஆய்வு வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக 16 மையங்கள், 848 பெண்கள், கரோலின் ஸ்மித் தலைமையில். அவர்கள் எண்ணியது பீட்டா பாசிட்டிவை அல்ல, உயிரோடு பிறந்த குழந்தையை. உண்மை ஊசி 18.3 சதவீதம், போலி ஊசி 17.8. வித்தியாசம் இல்லை என்றுதான் அர்த்தம். பிசிஓடி (முட்டை ஒழுங்காக வெளிவராத சினைப்பைக் கோளாறு) இருக்கிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன்: சீனாவிலேயே, 21 மருத்துவமனைகளில் 1000 பெண்களிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், முட்டை வெளிவர வைக்கும் க்ளோமிஃபின் மாத்திரைதான் வேலை செய்தது. அதோடு உண்மை ஊசி சேர்த்தவர்களில் 29.4 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, போலி ஊசி சேர்த்தவர்களில் 28. மாத்திரை இல்லாமல் ஊசி மட்டும் என்றால் 13.9. மாத்திரையும் இல்லாமல் போலி ஊசியும் என்றால் 16.8. 'எல்லாத்தையும் நிறுத்துங்க' என்ற அந்தக் குரல் எனக்கு மறுபடி கேட்டது.

ஆஸ்திரேலிய ஆய்வை நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஊசி டாக்டரிடம் போனேன். கோபத்தோடுதான் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. "நான் உனக்குக் குழந்தை தர்றேன்னு என்னைக்காவது சொன்னேனா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. "நீ நல்லா தூங்கறேன்னு சொன்னே. ஊசி போட்டாப் பயம் குறையுதுன்னு சொன்னே. அதுக்குத்தான் போட்டேன். வேண்டாம்னா விட்டுடலாம், ஒண்ணும் குறையாது."

ஒன்றும் குறையாது. இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் சொல்லாத சொல் அது. கோயில், விரதம், லேகியம், வலது பக்கம் திரும்பிப் படுப்பது, எதை விட்டாலும் குழந்தை கைநழுவிப் போகும் என்பதுதான் எனக்குக் கிடைத்த பாடம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். 'மனசை நிம்மதியா வச்சுக்கோ, டென்ஷன் ஆனா நிக்காது' என்று நம்மிடம் சொல்லாத ஆள் கிடையாது. சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நெகட்டிவ் வந்ததும் அந்த வாக்கியம் திரும்பி நம் மேலேயே பாயும்: நான் அழுதேன், அதனால்தான் போய்விட்டது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி பாய்வின் குழு 14 ஆய்வுகளை, 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2011இல் எழுதியது: சிகிச்சைக்கு முன்னால் மன உளைச்சலோடு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கருத்தரிப்பதில் வேறுபாடு இல்லை. அழுதாலும் நிற்கிறது, சிரித்தாலும் நிற்காமல் போகிறது. எனவே மனநிம்மதிக்காக ஊசி போட்டுக்கொள்வதானால், அந்த நிம்மதி உங்களுக்காக இருக்கட்டும். பீட்டா ரிப்போர்ட்டுக்காக வேண்டாம்.

செப்டம்பரில் உறையவைத்த இரண்டு கருவையும் வைத்தார்கள். நான் மறுபடி ஊசி போட்டுக்கொண்டேன், அதே அறையில், அதே புள்ளிகளில். இந்தத் தடவை எதையும் எதிர்பார்த்து அல்ல. ஒரு சிட்டிங் 500 ரூபாய். ஐவிஎஃப்புக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆன வீட்டில் எனக்கென்று நான் செலவு செய்தது அது ஒன்றுதான். பீட்டா பாசிட்டிவ். ஆறாவது வாரம் ஸ்கேனில் ஒரே ஒரு துடிப்பு. இரண்டில் ஒன்று நின்றது.

ஒரே நாள், ஒரே கருப்பை, ஒரே ஊசிகள். ஒன்று நின்றது, இன்னொன்று நிற்கவில்லை. ஏன் என்று கரு வளர்க்கும் பிரிவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். பார்வைக்கு நன்றாக இருக்கிற கருவிலும் பலவற்றில் குரோமோசோம் எண்ணிக்கை தப்பாக இருக்கும். அம்மாவின் வயது கூடக் கூட அது அதிகமாகும். வெளியிலிருந்து நாம் செய்கிற எதற்கும் அது கட்டுப்படாது என்றார். சொந்தக்காரர்கள் கதை சொல்லும்போது, நிற்காமல் போன அந்த நான்கு கருவையும் நான் மனதுக்குள் எண்ணிக்கொள்வேன்.

சரி, அந்தப் பெண்ணுக்கு நம்பர் கொடுத்தேனா? கொடுத்தேன். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். எந்த மாத்திரையையும் எந்த ஸ்கேனையும் நிறுத்தச் சொல்கிற இடத்தில் உட்காராதே, எழுந்து வந்துவிடு என்றேன். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி கொடுத்திருந்தால் அதை முதலிலேயே சொல்லு, மூலிகைப் பொடி எதுவும் கொடுத்தால் உன் மகப்பேறு மருத்துவரிடம் காட்டாமல் வாயில் போடாதே. முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் அது சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி. அன்றைக்குப் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு, ஊசி அறைக்கு அல்ல. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்புறம், "அப்ப எதுக்கு அக்கா போகணும்?" என்று கேட்டாள்.

"போகணும்னு இல்லை. உனக்கு எங்கேயாவது தூக்கம் வருதா?"

அவள் பதில் சொல்லவில்லை. பஸ் வந்தது.

போன வாரம் அவளுக்கு முட்டை எடுத்தார்கள். பதினொன்று. செவ்வாய்க்கிழமை ஒரு கருவை வைத்திருக்கிறார்கள். அன்று மத்தியானம் ஒரு மெசேஜ் வந்தது: ஊசி டாக்டர் எழுப்புகிற வரை தூங்கிவிட்டாளாம். இதை அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பீட்டாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். நான் எதுவும் கேட்பதில்லை. நேற்று கத்தரிக்காய்ப் பொரியலில் பாதியை என் தட்டில் வைத்தாள்.